வளைந்தது ஏழு பின்

— அப்பா, என்ன சத்தம் அது?

— எது?

— டக்குன்னு ஒண்ணு கேட்டுச்சே.

— முட்டிதான், சாமி. நாப்பத்தேழு வயசாகுது. குந்தி எந்திரிச்சா அப்படித்தான் கேக்கும்.

— நீங்க இன்னும் எந்திரிக்கவே இல்ல. சத்தம் சிபியூவுக்குள்ளருந்து வந்துச்சி. கைய எடுங்க, பாக்கறன்.

— பதறாத. ஃபேனைக் கழட்டினன். ஃபேன் வந்துருச்சி. அதுக்குக் கீழ ஒட்டிக்கிட்டு ப்ராசசரும் கூடவே வந்துருச்சி.

— லாக்க எடுத்து வுட்டீங்களா?

— அதான் இல்ல. லாக்கு பூட்டின மாதிரியே இருக்குது. பூட்டின வூட்லருந்து பொண்ணு ஓடிப்போன கதையா இது மட்டும் வெளிய வந்துருச்சி.

— அப்ப பின்னெல்லாம்?

— இருக்குது.

— நேரா இருக்குதா?

— பெரும்பாலும்.

— அப்பா!

— மொத்தம் ஆயிரத்து முன்னூத்தி முப்பத்தொரு பின்னு யுவராணி. ஒவ்வொண்ணும் தலைமுடி கனம். அதுல வெறும் ஏழுதான் படுத்துக்கிச்சி. நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது மார்க்கு. பன்னெண்டாவதுல நீயே இவ்ளோ எடுக்கல.

— நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீங்க? பழைய மிஷினைக் கழட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஓட வுடணும், சூட்டுல நடுவுல ஒட்டியிருக்கற பேஸ்ட்டு எளகும், அப்பறம் ஃபேனை லேசாத் திருகித்தான் எடுக்கணும், நேரா மேல இழுக்கவே கூடாதுன்னு?

— ஆமா. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டாண்ட இருவது வருசமா கடை போட்டு இத ஊருக்கே சொல்லியிருக்கறன். சொன்னதுல ஒரு ஆள் மட்டும் கேக்கல.

— இன்னிக்கி ஏன் ஓட வுடல?

— மனசு இங்க இல்ல.

— எங்க இருந்துச்சி?

— அத அப்பறம் சொல்றன். மொதல்ல நீ இதப் பாரு. கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டன். எனக்கு இது எள்ளு தூவின தோசையாட்டம் தெரியுது.

— நாளைக்கிக் காலைல பத்து மணிக்கி எனக்குக் கம்பெனி டெஸ்ட்டு இருக்குது. ஆன்லைன். அவங்க சாப்ட்வேரு விண்டோஸ் பதினொண்ணுலதான் ஓடும். இந்தப் பழைய ப்ராசசர்ல அது ஏறாதுன்னுதான் உங்கள வரச் சொன்னன். தெருமுனைக் கடைக்காரரு நான் மாத்தித் தரன்னாரு. வேணாங்க, எங்கப்பா இருக்கறாரு, அருள்குமார்னா பாலக்கோட்டுல எல்லாருக்கும் தெரியும்னு சொல்லிட்டு வந்தன்.

— நாலு வருசத்துல இப்பதான் மொத தடவையா என்னப் பெருமையா சொல்லியிருக்க. அதுவும் அரை மணி நேரந்தான் நெலச்சிச்சி.

— புதுசு எங்க? அத மாட்டிப் பாருங்க. பழசு போனாப் போவுது.

— இந்தா. இதத் தேடி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல ரெண்டு நாளு அலைஞ்சன். ஏதோ ஐடி கம்பெனில கழட்டிப் போட்டது. நீ இன்னும் வேலைக்கே சேரல, இது வேலை பாத்து ரிட்டயரே ஆயிருச்சி.

— எஸ்.பி. ரோட்டுக்கா போனீங்க?

— ம்.

— இனிமே அந்தப் பக்கமே போவ மாட்டன்னு சொன்னீங்க.

— சொன்னன். உனக்கு எக்ஸாமுன்னதும் போனன். அத வுடு. இதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்குது.

— இன்னும் என்ன?

— புதுச எடுத்து நேரா வெச்சா போர்டுக்கு அது யாருன்னே தெரியாது. போர்டுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்குது. வாக்காளர் பட்டியல்னு வெச்சிக்க. நீ ஏழாவது படிக்கறப்ப வாங்கின மிஷினு. அப்ப எழுதின பட்டியல். அதுக்கப்பறம் பொறந்த ப்ராசசர் பேரு அதுல கெடையாது. பேரு இல்லன்னா உள்ள வுடாது. புதுப் பட்டியல் பென்டிரைவ்ல கொண்டாந்திருக்கறன். அத ஏத்தணும்னா மிஷினு ஓடணும். மிஷினு ஓடணும்னா...

— பழைய ப்ராசசர் வேணும்.

— அது உசுரோட உக்காந்து, இவனும் நம்மாளுதான், இவனுக்கு எடம் வுடுன்னு சொன்னாத்தான் புதுசு வரும்.

— அப்ப அதப் பண்ணிட்டுத்தான ஃபேன்ல கைய வெச்சிருக்கணும்?

— வெச்சிருக்கணும். தூசி தட்டலாம்னு போனன், கை அது பாட்டுக்குக் கழட்டிருச்சி. ஆனா பாத்தியா சாமி, மிஷினுக்கே தெரியுது. பழசுகிட்ட ஒரு வார்த்தை கேக்காம புதுசு வரக்கூடாதுன்னு...

— அம்மாவ இதோட சேக்காதீங்க.

— நான் அம்மான்னே சொல்லலயே.

— சொல்ல வந்தீங்க. அத இங்க குடுங்க. நானே நிமித்தறன். மெக்கானிக்கல் பென்சில்ல லெட்ட உருவிட்டு, மூக்க பின்னு மேல சொருவி மெதுவா நிமித்தணும். யூடியூப்ல பாத்திருக்கறன்.

— தருமபுரி மாவட்டத்துல அத மொதல்ல பண்ணவனே நானு. பேரு யூடியூப்புக்குப் போயிருச்சி.

— போன் டார்ச்சப் புடிங்க. ஆட்டாதீங்க.

— ஒரு டீ குடிச்சாத்தான் டார்ச்சு நேரா நிக்கும்.

— டீயெல்லாம் இல்ல. மாமா ஷிப்டு முடிஞ்சி அஞ்சு மணிக்கி வூட்டுக்கு வந்துருவாரு. அதுக்குள்ள நீங்க கெளம்பிரணும். யாரும் இல்லாத நேரம் பாத்துத்தான் வரச் சொன்னன்.

— உங்கம்மா கூடப் பொறந்த மாதவராஜ் என்ன, கடிச்சிருவானா?

— கடிக்க மாட்டாரு. பேச மாட்டாரு. நீங்க குந்தின சேர வாசல்ல போட்டுக் கழுவுவாரு. போன பொங்கலுக்கு அப்படித்தான கழுவினாரு?

— அதான் இந்த வாட்டி தரையில குந்தியிருக்கறன். பேத்தெடுத்துக் கழுவட்டும்.

— ஒண்ணு நிமிந்துருச்சி.

— கை அப்படியே உங்கம்மா கை. ஊசில நூல் கோக்கறப்ப அவளும் இப்படித்தான் நாக்கக் கடிச்சிக்குவா. யுவராணி, வெள்ளிக்கெழம வருவ இல்ல?

— டார்ச்ச நேரா.

— பூவாடைக்கு. ராமக்கா அத்தை எல்லா ஏற்பாடும் பண்ணிட்டா. அம்மாவுக்குப் புதுச்சேலை எடுத்தாச்சி. அரக்கு கலரு. பம்பை அடிக்க மாரப்பனச் சொல்லியாச்சி. சாயந்தரம் ஆறு மணிக்கி, கெணத்து மேட்டுல.

— வரலன்னு போன்லயே சொன்னனே.

— போன்ல சொன்னது செல்லாது. டவர் சரியில்ல.

— இப்ப டவர் நல்லா இருக்குது. வரல.

— கண்ணாலத்துக்கு?

— அதுக்கு வரன். தீர்த்தமலைக்கு மொத பஸ்ல வரன். தாலி கட்டறப்ப அரிசி போடறன். அமுதவல்லிய சித்தின்னு கூப்புடச் சொன்னாக் கூப்புடறன். பூவாடைக்கு மட்டும் வரல.

— பூவாடை இல்லன்னா கண்ணாலமே இல்லயே சாமி. அமுதவல்லியோட அண்ணன் ஒத்தக் கால்ல நிக்கறான். மூத்தவ பூவும் பொட்டுமாப் போனவ. அவ ஆவியக் கெணத்துத் தண்ணிலருந்து கூப்புட்டு வந்து, சேலை வெச்சி, படையல் போட்டு, உம் புருசன் இன்னொருத்தியக் கட்டறான், உனக்குச் சம்மதமான்னு கேக்காம எந்தங்கச்சி கழுத்துல தாலி ஏறாதுங்கறான். எம்.காம். படிச்சவன். பேங்க்ல இருக்கறான். லோன் குடுக்கறதுக்கு முன்னாடி என்.ஓ.சி. கேக்கறாப்பல கேக்கறான்.

— கேளுங்க. நானா வேணாங்கறன்?

— கேட்டா பதில் வரணுமே. அவ யாரு மேலயாவது வந்து எறங்கி, சரின்னு சொல்லணும். பெத்த பொண்ணு மேலதான் வருவான்னு அத்தை சொல்றா. நீ இல்லாம அடிச்சா மாரப்பனுக்குக் கைவலி, எங்களுக்குக் காதுவலி. அதான் மிச்சம்.

— அத்தை மேலயே வரட்டும்.

— உங்கம்மாவா? உசுரோட இருந்தப்பவே எங்கக்கா வூட்டுப் படி ஏற மாட்டா. செத்த பின்னாடி அவ ஒடம்புக்குள்ளயா போவா?

— மூணாவது ரொம்ப சாஞ்சிருக்குது. பேசாதீங்க. ஒடைஞ்சா ஒடைஞ்சதுதான்.

— பேசல.

— ம்.

— உனக்கு அமுதவல்லியப் புடிக்கலயா?

— பேசலன்னு சொன்னீங்க.

— மூச்சு வுடறதுக்குப் பதிலா பேசிட்டன்.

— புடிச்சிருக்குது. போன ஞாயித்துக்கெழம எனக்கு அவங்களே போன் பண்ணாங்க. ஒரு மணி நேரம் பேசினோம்.

— ஒரு மணி நேரமா? எங்கிட்ட நாலு நிமிஷம் பேசினா அங்கன்வாடில கொழந்தைங்க அழுவுதுன்னு வெச்சிருவா. ஞாயித்துக்கெழமயும் அழுவுதுங்கறா. என்ன கேட்டா?

— உங்கப்பா எப்பவுமே இப்படித்தானா, இல்ல எங்கிட்ட மட்டும் இப்படியான்னு.

— எப்படி?

— இப்படித்தான்.

— நீ என்ன சொன்ன?

— எப்பவுமே இப்படித்தான்னு சொன்னன்.

— அதுக்கு?

— சரி பாப்பான்னாங்க.

— நல்ல பொம்பள. முப்பத்தொம்போது வயசு வரைக்கும் வாழ்க்கையில சிரிப்பே இல்லாம இருந்தவ. நான் கூட இருந்தா கொஞ்சம் கலகலன்னு இருக்கும்.

— மூணும் நிமிந்துருச்சி. நாலாவது சுளுவு.

— நீ பேச்ச மாத்தாத. ஏன் வரமாட்ட? ஒரு காரணம் சொல்லு.

— எக்ஸாமு.

— எக்ஸாமு நாளைக்கி. பூவாடை வெள்ளிக்கெழம. நடுவுல ரெண்டு நாளு சும்மா கெடக்குது.

— வெள்ளிக்கெழம நான் சாமிகிட்ட வரக்கூடாத நாளு. போதுமா?

— அத உங்க அத்தை எண்ணிப் பாத்துட்டுத்தான் தேதி குறிச்சா. போன மாசம் கோயிலுக்கு வரலன்னு நீ அவகிட்டச் சொன்ன இல்ல, அன்னிலருந்து வெரல் வுட்டு எண்ணிட்டா. ப்ராசசர்ல மூளை மாதிரி ரெண்டு கோர், நாலு கோர்னு நாம காசு குடுத்து வாங்கறோம். அவ மண்டையில எட்டு கோர்.

— எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல. பம்பை அடிக்கறது, ஆடறது, எல்லாம் சும்மா.

— கையில என்ன கயிறு?

— எக்ஸாமுக்காக காளி கோயில்ல கட்டினது.

— காளி மேல நம்பிக்கை, பெத்தவ மேல இல்லியா?

— காளி என் வாயில பேசாது.

— அம்மா பேசினா உனக்கென்ன பயம்?

— எனக்குப் பயம் இல்ல.

— பின்ன யாருக்கு?

— அஞ்சு. இன்னும் ரெண்டுதான். டார்ச்சு எங்கயோ போவுது பாருங்க.

— உனக்குத் தெரியாது யுவராணி. கடைய சாத்திட்டு எட்டு மணிக்கி வூட்டுக்குப் போறன். கதவத் தொறந்தா ஒரு சத்தம் இருக்காது. சட்டையக் கழட்டிட்டு, மெஸ்ல வாங்கின பரோட்டாவப் பிரிச்சி வெச்சிக்கிட்டு, அன்னிக்கி வந்த கஸ்டமர் கதைய ஒரு ஆளுகிட்டச் சொல்லணும். போன வாரம் ஒரு தக்காளி மண்டிக்காரர் கம்ப்யூட்டரக் கொண்டாந்தாரு. தொறந்தா உள்ள தக்காளிச் செடி மொளச்சிருக்குது. ரெண்டு எலையோட. எவனோ தக்காளியக் கையில வெச்சிக்கிட்டே டைப் அடிச்சிருக்கறான், வெதை உள்ள போயிருச்சி. தூசியே எருவு. இதச் சொல்றதுக்கு வூட்டுல ஒரு ஆள் இல்ல. செவுத்துல இருந்த பல்லிகிட்டச் சொன்னன். அது கூட எழுந்து போயிருச்சி.

— நான்தான் கட்டிக்குங்கன்னு சொல்றனே.

— கட்டிக்கன்னு சொல்ற, கட்ட வுடவும் மாட்டேங்கற. தரகருங்க எல்லாம் உங்கிட்டதான் பாடம் படிக்கணும்.

— ஏழும் முடிஞ்சிருச்சி. பாருங்க, வரிசை நேரா இருக்குதா?

— எனக்கு எல்லாமே வரிசையாத்தான் தெரியுது. பக்கவாட்டுல வெளிச்சத்துல வெச்சிப் பாரு. ஒரே கோடாத் தெரியணும்.

— தெரியுது.

— அப்ப லாக்கத் தூக்கு. மூலையில சின்ன முக்கோணம் இருக்கும், அதுக்கு நேரா வெய்யி. அமுக்காத. வெச்சா அதுவா எறங்கணும்.

— எறங்கிருச்சி.

— எறங்கிருச்சா? அதுவா? சத்தியமா?

— சத்தியமா. லாக்கப் போட்டுட்டன்.

— எட்டு கோர் உங்க அத்தைக்கு மட்டும் இல்ல சாமி. பேஸ்ட்டு ஒரு பட்டாணி அளவு வெய்யி. ஃபேனை நான் மாட்டறன். பயப்படாத, மாட்டறதுல நான் கெட்டிக்காரன். கழட்டறதுலதான் கொஞ்சம் முன்னபின்ன. ஆச்சி. போடு சுவிட்ச்ச.

— ஃபேன் சுத்துது. டிஸ்ப்ளே வரல.

— ராம் மெமரியக் கழட்டி, ரப்பர் வெச்சித் தேச்சி மாட்டு. எந்தச் சீக்குக்கும் மொத மருந்து அதான்.

— வந்துருச்சி! அப்பா, வந்துருச்சி!

— பொழச்சிக்கிச்சா? நான் இதுக்குள்ள மூணு கோயிலுக்கு வேண்டிட்டன். ஒரு சாமிக்கு ஆடு வேற. இந்தா பென்டிரைவ். சொருவு. டெலிட் பட்டன அமுக்கிக்கிட்டே இரு. அந்த நீலக் கட்டம். அதான். ஓக்கே குடு.

— ஆரம்பிச்சிருச்சி. ரெண்டு பெர்சன்ட்டு.

— இனிமே ஏழெட்டு நிமிஷத்துக்கு யாரும் எதையும் தொடக்கூடாது. நடுவுல கரண்ட் போனா போர்டே செத்துரும். பழசும் இல்ல, புதுசும் இல்ல.

— யூபிஎஸ் பேட்டரி செத்து ரெண்டு வருசமாச்சி.

— அப்ப வேண்டிக்கிட்டு உக்காரு. எந்திரிச்சிப் போவாத. ஒயர் தட்டும்.

— மணி நாலரை.

— இருக்கட்டும். ஒண்ணு கேக்கறன், தப்பா நெனச்சிக்காத. கழட்டறப்ப மனசு எங்க இருந்துச்சின்னு கேட்டியே. அங்கதான் இருந்துச்சி. அம்மா போன அன்னிக்கி நீ எனக்கு ஏன் போன் பண்ணல?

— சார்ஜ் இல்லன்னு சொன்னனே.

— சொன்ன. நாலு வருசமா நானும் ஊருக்கெல்லாம் அதத்தான் சொல்றன். காவேரிக்கு மூச்சு முட்டறப்ப புள்ள கையில இருந்த போன்ல சார்ஜ் இல்ல, சேதி தெரியாம எஸ்.பி. ரோட்டுல பழைய சாமான் பொறுக்கிக்கிட்டு நின்னன்னு. சாயந்தரம் நாலு மணிக்கி மாதவராஜ் கூப்புட்டான். எங்கடா இருக்கறன்னான். அந்த மரியாதையிலயே எனக்குத் தெரிஞ்சி போச்சி.

— அத வுடுங்கப்பா.

— நீ புது போன் வாங்கினதும் பழச எனக்குக் குடுத்த இல்ல? நான் மெக்கானிக்கு. எது கைக்கு வந்தாலும் நோண்டாம இருக்க மாட்டன். அன்னிக்கிப் பதினொண்ணு இருவதுக்கு அதுலருந்து மாதவராஜுக்கு போன் போயிருக்குது. பன்னெண்டே காலுக்கு மறுபடியும். சார்ஜ் இல்லாத போனு ரெண்டு தடவ பேசியிருக்குது.

— எப்ப பாத்தீங்க?

— நீ குடுத்த அன்னிக்கே. மூணு வருசமாச்சி.

— மூணு வருசமாத் தெரிஞ்சிக்கிட்டே கேக்கலயா?

— கேட்டா நீ சொல்லிட்டீன்னா? அந்தப் பயந்தான்.

— இப்ப மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?

— வெள்ளிக்கெழம வருதே. அவ வந்து எல்லார் முன்னாடியும் எங்கிட்ட என்ன கேப்பான்னு நெனச்சாலே தூக்கம் வரல. அவ போறதுக்கு மொத நா சாயந்தரம் ஆஸ்பத்திரில அவ பக்கத்துல உக்காந்திருந்தன். ஒம்போது நாளு காய்ச்சல். ட்ரிப்ஸ் பாட்டிலப் பாத்து, இந்த சொட்டு வேகத்துக்கு நம்ம தெருக் கொழா எவ்ளவோ தேவலாம்னேன். அப்படி சிரிச்சா. நீயுந்தான் பாத்த. சிரிக்கறாளே, தேறிட்டான்னு நம்பித்தான நான் காலைல ரயில் ஏறினன்? நானா போனன்? போயிட்டு வாங்கன்னு அவதான் அனுப்பினா.

— தெரியும்.

— நான் நல்லா யோசிச்சிட்டன் சாமி. நீ பதினாறு வயசுப் புள்ள. ஒரு பக்கம் நர்சு ஓடறா, ஒரு பக்கம் மாமா வரல. அப்பனக் கூப்புடணும்னு தோணியிருக்காது. மறந்துட்ட. அதச் சொல்ல முடியாம சார்ஜு மேல பழியப் போட்டுட்ட. அந்தக் குத்தந்தான் இப்ப உன்ன பூவாடைக்கு வர வுடல. தலைய ஆட்டாத. நான் அத எப்பவோ மன்னிச்சிட்டன்.

— என்னையா?

— ஆமா.

— ரொம்ப தேங்க்ஸ்.

— எதுக்கு அப்படிச் சொல்ற?

— நான் மறக்கலப்பா.

— அப்ப கோவமா? அந்த மாசம் உன்ன டூருக்கு அனுப்பலன்னு...

— அய்யோ, டூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அறுவது பெர்சன்ட்டு ஆயிருச்சி, அதப் பாருங்க.

— அது ஆவட்டும். என்னப் பாரு. மறக்கல, கோவம் இல்ல, சார்ஜ் இருந்துச்சி. பின்ன ஏன்?

— மாமா நீங்க குந்தின சேரக் கழுவறாரு. அத்தை உங்க கூடப் பொறந்தவங்க, அவங்களே பொண்டாட்டி சாகறப்ப பக்கத்துல நிக்காதவன்னு மூஞ்சிக்கி நேரா சொல்றாங்க. எல்லாத்தையும் நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாம் நின்னிருக்கும். சொல்லல. அதுக்கு நீங்க திட்டு வாங்கறதே மேலுன்னு இருந்துட்டன்.

— எதுக்கு மேலு?

— பூவாடைய வுட்டுருங்கப்பா. அமுதவல்லிகிட்ட நான் பேசறன், அவங்க அண்ணன் கால்ல கூட வுழறன். எம் மேல அம்மா வருமோ வராதோ எனக்குத் தெரியாது. ஆனா பம்பை அடிக்க ஆரம்பிச்சா என்னால வாய மூடிக்கிட்டு நிக்க முடியாது. அது தானா வெளிய வந்துரும். அவ்ளோ பேரு முன்னாடி. அமுதவல்லி முன்னாடி.

— எது வந்துரும்?

— வேணாம்.

— யுவராணி, இங்க பம்பை இல்ல, மாரப்பன் இல்ல, யாரும் இல்ல. எந்திரிச்சி ஓடலாம்னா ரெண்டு பேராலயும் முடியாது, ஒயர் தட்டும். சொல்லிரு.

— சொன்னா அதுக்கப்பறம் நீங்க எப்பவும் மாதிரி பேச மாட்டீங்க.

— பாலக்கோடே தெரண்டு வந்து உனக்கு மாலை போடும்.

— பாத்தீங்களா?

— சரி. சரி சாமி. வாய மூடிக்கிட்டன். சொல்லு.

— அப்பாவுக்கு நானே சொல்லிக்கறன்னு மாமாகிட்டப் பேசி வெச்சிட்டு உங்க பேர அமுக்கப் போனன். அம்மா என் கையப் புடிச்சிக்கிச்சி. "உங்கப்பாவ வரச் சொல்லாத பாப்பா. வந்தா எதாவது சொல்லி சிரிக்க வெப்பாரு. அவரு மனசு நோவக்கூடாதுன்னு பதினெட்டு வருசம் சிரிச்சிட்டன். இன்னிக்கி ஒரு நாளாவது சிரிக்காம இருந்துக்கறன்"னு சொல்லுச்சி.